ஒரு பிளாட்டூன் சாம்பார்

எந்த ஊருக்குப் போனாலும் பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு ‘மிலிட்டரி ஓட்டல்’ கண்ணில் படும். சின்ன வயசில் அந்தப் பலகையைப் பார்த்தாலே எனக்குப் புல்லரிக்கும். உள்ளே மூலைக்கு மூலை துப்பாக்கி சாத்தி வைத்திருப்பார்கள், பரிமாறுகிறவர் சல்யூட் அடித்துவிட்டுத்தான் இலை போடுவார் என்றெல்லாம் கற்பனை. ஒருநாள் அப்பா கூட்டிக்கொண்டு போனார். சல்யூட்டும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. பனியன் போட்ட ஓர் அண்ணன், “தலைக்கறி இருக்கு, ஈரல் இருக்கு, என்ன வேணும்?” என்றார். பலகையில் ‘மிலிட்டரி’ என்று போட்டிருந்தால் உள்ளே கறிசோறு என்று அர்த்தமாம். அன்றைக்கு நான் அழாத குறை.

அந்த ஏமாற்றத்துக்கு இத்தனை வருஷம் கழித்து வட்டியும் முதலுமாக வசூல் செய்துவிட்டேன். அசல் மிலிட்டரி ஓட்டலின் சமையற்கட்டுக்குள் தலையை விட்டு எட்டிப் பார்த்தாயிற்று! கதவைத் திறந்துவிட்டவர் என் சித்தப்பா.

ஆற்காட்டுக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. வேலூர் பக்கம் பட்டாளத்துக்கு ஆள் அனுப்புவது பரம்பரை வழக்கம். கம்மவான்பேட்டைக்கு ‘ராணுவப்பேட்டை’ என்றே பட்டப்பெயர் உண்டு. சித்தப்பாவும் போனார். 24 வருஷம் இருந்தார். “எல்லையில நின்னீங்களா சித்தப்பா?” என்று கேட்டால், “நின்னேன்டா, அடுப்பு முன்னாடி” என்பார். ராணுவ சமையல்காரர். ஓய்வு பெற்று ஊருக்கு வந்தவரிடம் ஒரே ஒரு கோளாறு. நாலு பேருக்குச் சமைக்கத் தெரியாது. வீட்டில் சாம்பார் வைத்தார் என்றால் தெருவே இரண்டு நாளைக்குச் சாப்பிடும்.

அவருடைய அளவுப் பாத்திரங்களே வேறு. ஆழாக்கு, உழக்கு எல்லாம் கிடையாது. செக்‌ஷன் என்றால் 10 பேர். பிளாட்டூன் என்றால் 30 பேர். கம்பெனி என்றால் 120 பேர். பட்டாலியன் என்றால் சுமார் 800 பேர். “ஒரு செக்‌ஷனுக்குக் கொறைஞ்சு எப்படி உப்புப் போடுறதுன்னு கை மறந்துபோச்சு” என்பார்.

“ஏன் சித்தப்பா, நாலு பேருக்கு வெக்கிறதுல என்ன கஷ்டம்?”

“நாலு பேருக்கு வெக்கிறது சமையலாடா? அது ருசி பாக்கிறது.”

பின்வாசல் வழியா வாங்க

ஜவான்களின் சமையற்கூடத்துக்கு ராணுவத்தில் பெயர் ‘லங்கர்’. குருத்வாராவில் எல்லோருக்கும் பொதுவாகப் போடும் அன்னதானத்துக்கும் அதே பெயர்தான். தமிழனோ, கூர்க்காவோ, சீக்கியனோ, நாகாவோ, யாராக இருந்தாலும் பசி வந்தால் வாயில் வரும் முதல் வார்த்தை ‘லங்கர்’தான். 

மணி விடிகாலை மூன்றரை. முகாம் முழுக்கத் தூங்குகிறது. விழித்திருப்பது இரண்டே கூட்டம்: காவலுக்கு நிற்பவர்கள், லங்கர்காரர்கள். அந்தக் காலத்தில் விறகு, கரி, பிறகு புஸ்ஸென்று சீறும் மண்ணெண்ணெய் அடுப்பு, இப்போது கேஸ். முதலில் ஏறுவது டீ. பெரிய அண்டாவில் தண்ணீர், தூள், சர்க்கரை, பால் எல்லாம் ஒன்றாகக் கொதிக்கும். சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். காலை ஓட்டத்துக்கு முன்னால் வயிற்றில் ஏதாவது இறங்க வேண்டுமே. “நம்ம ஊரு டீக்கடைல ‘லைட்டா, ஸ்ட்ராங்கா’ன்னு கேக்குறான் பாரு, அங்க அந்தக் கதையே இல்ல. மக்கை நீட்டு, ஊத்து, நவுரு!”

டீ இறங்கும்போதே மாவு பிசைதல் தொடங்கிவிடும். இங்கேதான் எனக்குத் தலை சுற்றியது. ஒரு கம்பெனிக்கு, ஆளுக்கு 6 சப்பாத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். 720 சப்பாத்தி! பெரிய லங்கர்களில் சப்பாத்தி போட இயந்திரம் உண்டு. ஒரு பக்கம் மாவு போனால் மறு பக்கம் வட்ட வட்டமாக வந்து விழும். இயந்திரம் படுத்துவிட்டால்? கைதான். சித்தப்பாவின் வலது கையைத் தொட்டுப் பாருங்கள், தேங்காய் மட்டை மாதிரி இருக்கும்.

நான் ஆசை ஆசையாகக் கேட்டேன்: “நம்ம தோசை உண்டா சித்தப்பா?”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். தரையில் சாக்கட்டியால் கணக்குப் போட்டார். 120 பேர். ஆளுக்கு 3 தோசை. 360 தோசை. பெரிய கல்லில் ஒரே நேரத்தில் 3 ஊற்றலாம். ஒரு சுற்றுக்கு 2 நிமிஷம். 120 சுற்று, 240 நிமிஷம். நாலு மணி நேரம்! முதல் ஆள் சாப்பிட்டு முடித்து, பரேடு முடித்து, குளித்துவிட்டு வந்தாலும் கடைசி ஆளுக்கு இன்னும் தோசை வந்திருக்காது.

“இட்லின்னா?”

அவர் முகம் மலர்ந்தது. 120 பேருக்கு ஆளுக்கு 5 வீதம் 600 இட்லி. ஈடுக்கு 100 என்றால் 6 ஈடு. ஒன்றரை மணி நேரத்தில் காரியம் முடிந்தது. “தோசை வீட்டுப் பலகாரம்டா. இட்லிதான் பட்டாளத்துப் பலகாரம். வரிசையா நிக்கும், ஒரே சைஸ்ல இருக்கும், சொன்ன நேரத்துக்கு வரும்.” இந்தத் தத்துவத்தை இதுவரை எந்தச் சமையல் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை.

நம் பிள்ளைகள் நிறைந்திருக்கும் இடங்களில் இட்லிக்கு மவுசு அதிகம். குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் இருக்கிறது மெட்ராஸ் ரெஜிமென்டின் தலைமையிடம். 1758-ல் தன் வரலாறு தொடங்குவதாகச் சொல்லிக்கொள்ளும் படை. அதன் வீரர்களுக்கு ராணுவம் முழுக்க ஒரே செல்லப்பெயர்: ‘தம்பி’. பஞ்சாப்காரர் சப்பாத்தியை அடுக்கும் நேரத்தில் தம்பி சோற்றைக் குழிபறித்துச் சாம்பாருக்குக் காத்திருப்பார்.

நெஞ்சில் சொட்டும் பான்ஜோ

லங்கரின் நொறுக்குத்தீனி உலகம் தனி. பத்து மணி டீயோடு வரும் ‘ஷக்கர்பாரா’ இருக்கிறதே, அதற்கு நான் அடிமை. மைதா மாவைச் சர்க்கரையோடு பிசைந்து, தடியாகத் தேய்த்து, சதுரம் சதுரமாக வெட்டிப் பொரித்தெடுப்பது. நம் ஊர் டீக்கடைக் கண்ணாடி பாட்டிலில் இருக்கும் இனிப்பு பிஸ்கட்டுக்குப் பெரியப்பா முறை. கெட்டுப்போகாது, நசுங்காது, பையில் போட்டுக்கொண்டு மலை ஏறலாம். பயிற்சியில் நாக்கு தள்ள ஓடிவிட்டு வந்து ஒரு கைப்பிடி ஷக்கர்பாராவை டீயில் முக்கித் தின்ற சுகத்தைப் பற்றிப் பேசச் சொன்னால் ஓய்வு பெற்ற சுபேதார்கள்கூடக் கண் கலங்குவார்கள்.

அடுத்தது ‘அண்டா பான்ஜோ’. பெயரைக் கேட்டு இசைக்கருவி என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளைக்காரப் பட்டாளம் விட்டுப்போன சொத்து. பொரித்த முட்டையை (இந்தியில் ‘அண்டா’) இரண்டு ரொட்டித் துண்டுக்கு நடுவே வைப்பது. பெயர்க் காரணம்தான் பிரமாதம். கடிக்கும்போது மஞ்சள் கரு சட்டையில் சொட்டும். உடனே ரொட்டி பிடித்த கையைத் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டு, இன்னொரு கையால் நெஞ்சைத் தேய்ப்பீர்கள். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு நீங்கள் பான்ஜோ வாசிக்கிற மாதிரியே இருக்கும். நான் நேற்று வீட்டில் செய்து பார்த்தேன். வாசித்தேன்!

சைவக்காரர்கள் என்ன செய்வார்கள்? அதற்கும் ராணுவத்தில் ஒரு மந்திரச் சொல் இருக்கிறது: ‘இன் லியு’. அதாவது, அதற்குப் பதில் இது. கறி வேண்டாமென்றால் பதிலுக்கு இன்னொன்று. கோதுமை வேண்டாமென்றால் பதிலுக்கு அரிசி. சித்தப்பாவுக்கு இது வாழ்க்கை முறையாகவே ஆகிவிட்டது. போன தீபாவளிக்குச் சித்தி பட்டுப்புடவை கேட்டபோது, “இன் லியு ஒரு கிரைண்டர் வாங்கியிருக்கேன்” என்றார். அந்தக் கதை இங்கே வேண்டாம்.

சாப்பாடு வரிசைக்குப் போகும் முன்னால் பொறுப்பில் இருக்கும் ‘சாப்’ ஒருவர் வந்து ருசி பார்ப்பார். பெரிய கரண்டியை முக்கி, கொஞ்சம் தட்டில் ஊற்றி, வாயில் வைத்து, கண்ணை மூடி… அந்த மூன்று விநாடி இருக்கிறதே! “எல்லைல குண்டு விழுந்தப்போகூட எனக்குப் படபடப்பு இல்ல. சாப் பருப்பை வாயில வெச்சுட்டு முகத்தைச் சுளிச்சாரோன்னு தோணுச்சு பாரு, அப்பத்தான் கால் நடுங்குச்சு.”

இன்னொரு சேதி. இவர்கள் வெறும் சமையல்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சேர்ந்த உடனே மற்றவர்களைப் போல ஓட்டம், அணிவகுப்பு, துப்பாக்கி சுடும் பயிற்சி எல்லாம் முடித்த பிறகுதான் கரண்டி கைக்கு வரும். “முதல்ல ரைஃபிள், அப்புறந்தான் ரசம்.”

2023-ல் நடந்த ஒன்றைச் சொன்னபோது சித்தப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கோதுமைக்கு இடம் கொடுத்து ராணுவ ரேஷனிலிருந்து ஒதுங்கிய சிறுதானியங்கள், அரை நூற்றாண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு திரும்ப வந்திருக்கின்றன. கம்பு, சோளம், கேழ்வரகு மாவு, தானிய அளவில் நாலில் ஒரு பங்கு வரை சேர்க்கலாம் என்று அறிவிப்பு. “கேவுரு களி தின்னுட்டுத்தான்டா நான் செலக்‌ஷன்ல ஓடுனேன். உள்ள போன அன்னிக்கே ‘இனிமே சப்பாத்தி’ன்னுட்டாங்க. நான் வெளிய வந்த பிறகு களி உள்ள போவுது பாரு!”

கோவேறு கழுதையும் 58 பேர் ஏறிய பைக்கும்

இத்தனை மாவும் பருப்பும் எங்கிருந்து வருகிறது? ஆர்மி சர்வீஸ் கோர் என்று ஒரு படை இருக்கிறது. தன் பிறப்பை 1760-க்குக் கொண்டுபோகும் படை. ‘சேவையே எங்கள் தர்மம்’ என்பது அதன் வாசகத்தின் பொருள். மையம் பெங்களூரில். பருப்பு மூட்டை தூக்குகிறவர்கள்தானே என்று எடைபோட்டுவிடாதீர்கள். மோட்டார் சைக்கிளில் மனிதக் கோபுரம் கட்டி நம் பிள்ளைகளை வாய் பிளக்க வைக்கும் ‘டொர்னேடோஸ்’ அணி இவர்களுடையதுதான். 2017 நவம்பரில் பெங்களூரில் ஒரே ஒரு 500 சிசி என்ஃபீல்டில் 58 பேர் ஏறி ஓட்டி உலக சாதனை செய்தார்கள். நம் ஊர் ஷேர் ஆட்டோக்காரர்கள் குறிப்பெடுத்துக்கொள்ளவும்.

லாரி போகும் வரை லாரி. லாரி நிற்கிற இடத்தில் கோவேறு கழுதை. ஆமாம், ஆட்களுக்கு இருப்பது மாதிரி கழுதைகளுக்கும் எண் உண்டு. அவற்றில் ‘பெடோங்கி’ என்று ஒரு மகாராணி. 1971 போரில் எதிரியிடம் சிக்கி, அவர்கள் ஏற்றிவிட்ட சுமையை முதுகில் வைத்துக்கொண்டே தப்பித்து நம் பக்கம் நடந்து வந்துவிட்டது! பிற்காலத்தில் அதற்கு நீல வெல்வெட் போர்வை போர்த்தி மரியாதை செய்தார்கள். நம் கல்யாண மண்டபங்களில் போர்த்தும் பொன்னாடைகளில் எத்தனைக்கு இவ்வளவு தகுதி இருக்கும் என்று யோசித்தேன்.

பனி விழுந்தால் லடாக்குக்குப் போகும் சோஜி லா கணவாய் அடைபடும். அதனால் கோடையிலேயே குளிர்காலத்துக்கான அரிசி, பருப்பு, எண்ணெய், மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் மலை ஏற்றி அடுக்கிவிட வேண்டும். வரிசை வரிசையாக லாரிகள் எறும்பு மாதிரி ஊர்ந்து போகும். எங்கள் பாட்டி மழைக்காலத்துக்கு முன்னால் வற்றல், வடகம், புளி, உப்பு என்று பானை பானையாகக் கட்டி வைப்பாள். அதே புத்திதான். பாட்டிக்கு ஒரு வீடு. இவர்களுக்கு ஒரு படையே குடும்பம்.

முட்டைக்குச் சுத்தியல்

இனிமேல்தான் கூத்து. 1984 ஏப்ரல் மாதத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 3-ம் தேதி ராகேஷ் சர்மா விண்வெளிக்குக் கிளம்பினார். அவருக்காக ரவா அல்வா, உருளைக்கிழங்குச் சன்னா, காய்கறிப் புலாவ் கட்டிக் கொடுத்தது மைசூர்ப் பாதுகாப்பு உணவு ஆராய்ச்சிக்கூடம். அதே மாதம் 13-ம் தேதி நம் ராணுவம் சியாச்சின் பனிமலையில் ஏறியது. ஒரே மாதத்தில் இந்தியச் சாப்பாடு இரண்டு வெவ்வேறு வானத்துக்குப் போயிருக்கிறது!

சியாச்சினில் 20,000 அடிக்கு மேலேகூடக் காவல்சாவடி உண்டு. குளிர் மைனஸ் 50 வரை இறங்கும். 2019-ல் ஒரு வீடியோ ஊரெல்லாம் சுற்றியதே, பார்த்தீர்களா? ஜவான்கள் பழச்சாறு பெட்டியைக் கிழிக்கிறார்கள், உள்ளே செங்கல். முட்டையைச் சுத்தியலால் அடிக்கிறார்கள். முட்டை துள்ளி விழுகிறது, உடையவில்லை. தக்காளி, உருளைக்கிழங்கு, இஞ்சி எல்லாம் கருங்கல். அந்தச் சமையற்கட்டில் அரிவாள்மணைக்கு வேலையில்லை, கொல்லன் பட்டறைதான் வேண்டும்.

தண்ணீர்? சுற்றிலும் பனி, குடிக்க ஒரு சொட்டு கிடையாது. அடுப்பில் பனிக்கட்டியை உருக்கித்தான் எல்லாம். உருக்கிய தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடுகிறதே என்று சந்தோஷப்பட்டால் ஏமாந்தோம். உயரம் போகப் போகக் காற்றழுத்தம் குறையும். 18,000 அடியில் சுமார் 82 டிகிரியிலேயே தண்ணீர் தளதளவென்று கொதிக்கும். பார்த்தால் உலை கொதிக்கிற மாதிரி இருக்கும், அரிசி மட்டும் அசையாது. பருப்பு கேட்கவே வேண்டாம், விடிய விடிய வெந்நீரில் குளித்துவிட்டு முழுசாக எழுந்து வரும். அதனால் பிரஷர் குக்கர்தான் அங்கே குலதெய்வம்.

எல்லாவற்றிலும் பெரிய கஷ்டம் வேறொன்று. அந்த உயரத்தில் பசியே எடுக்காது. உடம்பு கேட்கும், நாக்கு கேட்காது. அதனால்தான் அடிவாரத்துக்கு ஒரு ரேஷன், 9,000 அடிக்கு மேல் ஒன்று, 12,000 அடிக்கு மேல் இன்னொன்று என்று உயர உயரப் பட்டியல் மாறும். சாக்லேட், முந்திரி, பாதாம், டின்னில் அடைத்த பழம் என்று நாக்கைத் தாஜா பண்ணும் சாமான்கள் கூடும். மிக உயரமான சாவடிகளுக்கு இவையெல்லாம் சீட்டா ஹெலிகாப்டரில் போகும். காற்று மெலிந்த உயரத்தில் அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தூக்கும். விசிறி சுழன்றுகொண்டே இருக்கும், மூட்டை இறங்கும், பறந்துவிடும்.

சித்தப்பா அவ்வளவு உயரம் போனதில்லை. ஆனால் குளிரில் அவர் நடத்திய ஒரு போர் எங்கள் குடும்பத்தில் இதிகாசம். ஒரு பொங்கலுக்கு, மலை மேல் இருந்த நம் பையன்கள் இட்லி கேட்டார்கள். அரைத்தாயிற்று. ஆனால் மாவு பொங்கினால்தானே! ஒரு ராத்திரி, இரண்டு ராத்திரி, அசைகிற வழியாக இல்லை. மூன்றாம் நாள் சித்தப்பா துணிந்து இறங்கினார். மாவுப் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி, தன் தூக்கப் பைக்குள் விட்டு, கழுத்து வரை ஜிப் போட்டு, புகாரி என்று சொல்லும் மண்ணெண்ணெய்க் கணப்புக்குப் பக்கத்தில் படுக்க வைத்தார். தான் இரண்டு கோட்டுகளைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தே தூங்கினார்.

நள்ளிரவில் சுற்றுக்கு வந்த பஞ்சாபி சுபேதார் டார்ச் அடித்துப் பார்த்தார். தூக்கப் பைக்குள் குண்டாக ஏதோ. “யே கௌன் பீமார் ஹை?” என்று பதறினார். யாருக்கு உடம்பு சரியில்லை?

சித்தப்பா விறைப்பாக எழுந்து நின்று சொன்னாராம்: “சாப், இட்லி ஹை.”

காலையில் மாவு பொங்கி ஜிப்பைத் தாண்டி எட்டிப் பார்த்தது. முதல் ஈடு சுபேதாருக்கு.

வேகவைத்த உருளைக்கிழங்கைவிடக் கொஞ்சம் மேல்

அடுப்பே மூட்ட முடியாத இடத்துக்கு? அங்கேதான் மைசூர் ஆராய்ச்சிக்கூடத்தின் பொட்டலங்கள். 1961-ல் தொடங்கிய கூடம் அது. பல அடுக்குப் பையில் சாப்பாட்டை அடைத்து, வாயை ஒட்டி, அழுத்தத்தில் 121 டிகிரி ஆவியில் வேகவைத்துவிடுவார்கள். கிருமி உள்ளேயும் இருக்காது, வெளியிலிருந்தும் நுழையாது. ஃபிரிட்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் தாங்கும். இன்று சூப்பர் மார்க்கெட்டில் ‘பிரித்து உடனே சாப்பிடு’ என்று வரும் பொட்டலங்களுக்கும் இதுதான் வித்தை. மாதக்கணக்கில் கெடாத சப்பாத்திகூட அங்கே கண்டுபிடித்தார்கள்.

கெடாத சாப்பாட்டுக்கு உலகம் முழுக்கப் பட்டாளங்கள்தான் பைத்தியமாய் அலைந்திருக்கின்றன. பிரெஞ்சு அரசு 12,000 பிராங்க் பரிசு அறிவிக்க, நிக்கோலா அப்பேர் என்ற மிட்டாய்க்காரர் கண்ணாடிப் புட்டியில் உணவை அடைத்து வேகவைத்துக் காட்டி 1810-ல் அதைத் தட்டிச் சென்றார். பின்னாலேயே தகரடப்பா வந்தது. டப்பாவைத் திறக்கும் கருவி? அது வரப் பல பத்தாண்டு ஆனது! அதுவரை உளியும் சுத்தியலும்தான். சியாச்சின் முட்டைக்காரர்கள் தனி ஆட்கள் இல்லை, பார்த்தீர்களா?

அமெரிக்காக்காரன் கதை இன்னும் வேடிக்கை. 1937-ல் பால் லோகன் என்ற கேப்டன் ஹெர்ஷி நிறுவனத்துக்குப் போய் ஆபத்துக் காலத்துக்கென்று ஒரு சாக்லேட் கேட்டார். வெயிலில் உருகக்கூடாது, சத்து இருக்க வேண்டும், ருசி மட்டும் வேகவைத்த உருளைக்கிழங்கைவிடக் கொஞ்சம் மேலாக இருந்தால் போதும் என்றார். ருசியாக இருந்தால் ஆபத்து வரும் முன்னே பையன்கள் தின்று தீர்த்துவிடுவார்களாம்! எங்கள் அம்மா அதிரசத்தைப் பரணில் ஏற்றி வைத்த காரணமும் இதேதான். பிரிட்டிஷ்காரனோ டாங்கிக்குள்ளேயே வெந்நீர்ப் பாத்திரம் பொருத்திவிட்டான். 1945-ல் வந்த செஞ்சூரியன் டாங்கியிலிருந்து இந்த ஏற்பாடு. குண்டு மழையிலும் டீக்காக யாரும் வெளியே இறங்க வேண்டாம் பாருங்கள்.

கஞ்சி யாருக்கு, சோறு யாருக்கு

சிரித்துக்கொண்டே வந்த சித்தப்பா ஒரே ஓர் இடத்தில் குரலைத் தாழ்த்தினார். நாங்கள் அப்போது ஆற்காட்டில், பாலாற்றங்கரையில், டெல்லி கேட் பக்கம் நின்றிருந்தோம். பழைய கோட்டையின் மிச்சம் அது.

1751. ராபர்ட் கிளைவின் சின்னப் படை கோட்டைக்குள்ளே. சந்தா சாகிபின் மகன் படை சுற்றி வளைத்திருக்கிறது. 50 நாள் முற்றுகை. அரிசி தீரத் தீர, உள்ளே இருந்த நம் ஊர்ச் சிப்பாய்கள் வந்து, “சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுங்கள், வடித்த கஞ்சி எங்களுக்குப் போதும்” என்றார்களாம். மெக்காலே என்ற வெள்ளைக்கார எழுத்தாளர் தன் கட்டுரையில் இதைச் சிலாகித்து எழுதினார். நடந்ததா, பிறகு கட்டிய கதையா என்று வரலாற்றுக்காரர்கள் அடித்துக்கொள்வார்கள்.

சித்தப்பாவுக்கு அந்தச் சண்டை பொருட்டே இல்லை. அவர் கேட்டது வேறு: “பெருமையா எழுதுனான் சரி. ஒரு வேளையாவது கஞ்சியையும் சோத்தையும் கலந்து எல்லாருக்கும் சமமா ஊத்தணும்னு ஒருத்தனுக்கும் தோணலையே?”

அதே வெள்ளைக்காரன் 1914-ல் வேறொரு பாடம் கற்றான். முதல் உலகப் போரில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு இங்கிலாந்தில் பிரைட்டன் அரண்மனையை மருத்துவமனையாக மாற்றினார்கள். யார் கையால் யார் சாப்பிடுவார், எதைச் சாப்பிடுவார் என்று பார்த்துப் பார்த்து 9 சமையற்கூடம் வைத்தார்கள்! அன்றைக்கு ஒன்பது அடுப்பு. இன்றைக்கு ஒரே லங்கர், ஒரே வரிசை. சித்தப்பாவின் அண்டாவுக்குள் இத்தனை வரலாறு கொதிக்கிறது.

படா கானா

கடைசி ரகசியத்தையும் உடைத்துவிடுகிறேன். வருஷத்தில் சில நாள், படை உதயமான நாளிலோ, பண்டிகையிலோ, ‘படா கானா’ நடக்கும். பெரிய சாப்பாடு என்று பொருள். அதிகாரிகளும் ஜவான்களும் ஒரே பந்தலில், ஒரே சாப்பாடு. தோளில் நட்சத்திரம் மின்னுகிறவர் கரண்டி பிடித்துக்கொண்டு ஜவானின் தட்டில் சோறு போடுவார். மற்ற நாளெல்லாம் “சாப்!” என்று விறைத்து நிற்கும் பையன் அன்று, “இன்னும் கொஞ்சம் குழம்பு சாப்” என்பான். சாப் ஓடுவார்.

இதைக் கேட்டதும் எனக்குப் பொறி தட்டியது. நம்மிடம் இதற்குப் பெயரே இருக்கிறதே! தொல்காப்பியம் போர்த் துறைகளில் ஒன்றாக எண்ணுகிற ‘பெருஞ்சோற்று நிலை’. படைக்கு அரசன் சோறு போடுவது. படா கானா என்பதை அப்படியே தமிழில் சொன்னால் பெருஞ்சோறு. புறநானூற்றின் இரண்டாம் பாட்டு உதியஞ்சேரலாதன் என்ற சேரனைப் பாடுகிறது. ஐவரும் நூற்றுவரும் மோதிய பாரதப் போரில் இரண்டு பக்கத்துக்கும் சலிக்காமல் சோறு போட்டவனாம். ‘பெருஞ்சோற்று உதியஞ்சேரலாதன்’ என்றே அவன் பெயர் நின்றுவிட்டது.

ஓடிப்போய்ச் சித்தப்பாவிடம் சொன்னேன். எத்தனை நாடு பிடித்தான், எத்தனை யானை கொன்றான் என்று அவர் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “ரெண்டு பக்கத்துக்குமா?” என்றார். “அப்போ எத்தனை அடுப்பு போட்டிருப்பான்?”

போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கொல்லைப்புறத்தில் செங்கல் அடுக்கி அண்டா ஏற்றியிருந்தார். முருங்கைக்காய் மலையாகக் குவிந்திருந்தது. துடுப்பு மாதிரி ஒரு கரண்டியால் துழாவிக்கொண்டிருந்தார். வேலி ஓரமாகத் தெருப் பிள்ளைகள் தூக்குவாளியோடு வரிசை கட்டி நின்றார்கள். பட்டாளத்து வரிசை, தள்ளுமுள்ளு இல்லை.

சித்தி உள்ளேயிருந்து கத்தினாள்: “இன்னிக்கு நாம மூணே பேருதான்! எத்தனை பேருக்கு வெச்சுத் தொலைக்கிறீங்க?”

சித்தப்பா உப்பை ஒரு குத்து அள்ளி, கண்ணால் எடைபோட்டு, அண்டாவுக்குள் வீசினார்.

“கம்மியாத்தான் வெச்சிருக்கேன். ஒரு பிளாட்டூனுக்கு.”